சார்ஜ் ஏறாத கார்: ஆல்டர்நேட்டரை வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டுவது

விக்கிரவாண்டி டோலைத் தாண்டி ஒரு பத்து நிமிடம் இருக்கும். ராத்திரி, மழை வேறு. டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு லேசாகக் கண் சிமிட்டியது, நான் கண்டுகொள்ளவில்லை. திண்டிவனம் வருவதற்குள் ஹெட்லைட் வெளிச்சம் பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சளாகிவிட்டது, வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்று யோசித்துவிட்டு மீதிப் பாதிக்குப் போனது, பாட்டு தானாக நின்றது. ஒரு டீக்கடை வெளிச்சத்தில் ஓரங்கட்டி வண்டியை ஆஃப் பண்ணினேன். ஆஃப் பண்ணியதுதான் தப்பு. அப்புறம் செல்ஃப் எடுக்கவே இல்லை, டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மறுநாள் ஒரு பேட்டரிக் கடையில் பேட்டரி போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை, நானும் பார்க்கச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் மறுபடி அதே டொக். பேட்டரி புதிது, அதைச் சார்ஜ் பண்ண வேண்டிய ஆல்டர்நேட்டர்தான் வேலை செய்யாமல் கிடந்திருக்கிறது. அந்தப் பணம் போன கடுப்பில்தான் சில நூறு ரூபாய் கொடுத்து ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன், ஆல்டர்நேட்டரை நானே கழற்றினேன். அதற்குப் பிறகு இன்னொரு தடவையும் கழற்ற வேண்டி வந்தது. இரண்டு தடவையிலும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது பழைய மாருதி ஆல்டோ. பெல்ட்டை கையால் டைட் வைக்கிற பழைய மாதிரி அமைப்பு, அதாவது ஆல்டர்நேட்டர் ஒரு நீள போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் நீள ஓட்டை போட்ட ஒரு பட்டையில் முன்னும் பின்னும் நகரும். பல பழைய சின்னக் கார்களில் இதே ஏற்பாடுதான். தானாக இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் வைத்த கார்களுக்கு எங்கே மாறும் என்று அங்கங்கே சொல்கிறேன். ஸ்மார்ட் ஹைபிரிட் என்று பின்னால் ஒட்டியிருக்கும் கார் என்றால் இதைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுக்காதீர்கள், அதில் ஆல்டர்நேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டார்ட்டர் வேலையையும் சேர்த்துச் செய்யும் வேறொரு மெஷின் உட்கார்ந்திருக்கும், அது கம்பெனி சர்வீஸ் ஆட்களின் வேலை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று இரண்டு நிமிடம் சொல்லிவிடுகிறேன், எது கெட்டுப்போகும் என்பது அதில்தான் புரியும். பெரியவர் மெக்கானிக்குகள் இன்னும் இதை டைனமோ என்றுதான் சொல்வார்கள், பெயரில் ஒன்றும் இல்லை. பெல்ட் புல்லியைச் சுற்றுகிறது, புல்லியோடு சேர்ந்து உள்ளே ரோட்டர் சுற்றுகிறது. ரோட்டர் ஒரு மின்காந்தம், அது காந்தமாக இருக்க வேண்டும் என்றால் அதற்குள் கொஞ்சம் கரண்ட் போக வேண்டும், சுற்றிக்கொண்டே இருக்கிற ஒன்றுக்குள் கரண்ட்டைக் கொடுக்க இரண்டு சின்ன கார்பன்கள் உரசிக்கொண்டே இருக்கும். ரோட்டரைச் சுற்றி வெளியே இருக்கும் ஸ்டேட்டர் காயிலில் ஏசி கரண்ட் உண்டாகிறது, அதை டையோடு பிளேட் டிசியாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகிறது. எவ்வளவு வோல்ட் வர வேண்டும் என்று ரோட்டருக்குப் போகும் கரண்ட்டைக் கூட்டிக் குறைத்துக் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டர், பழைய ஆட்கள் வாயில் கட் அவுட். ஆகக் கெடக்கூடியது கார்பன், ரெகுலேட்டர், டையோடு, பேரிங். காயில் எரிவது எப்போதாவதுதான், எரிந்தால் அந்த வாசனையே காட்டிக்கொடுத்துவிடும்.

கழற்றுவதற்கு முன் மீட்டர்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், கழற்றுவதும் மாட்டுவதும் அரை நாள் வேலை, தப்பான பொருளைக் கழற்றினால் அது அரை நாள் வீண்.

வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு காலையில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வையுங்கள், டிசி 20 வோல்ட் நிலையில். 12.6 வந்தால் பேட்டரி நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் காலி, அதை முதலில் வெளியே சார்ஜரில் போட்டு ஏற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டும். அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு அதே இடத்தில் பாருங்கள். 13.8-இலிருந்து 14.5 வரை எங்காவது நின்றால் ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறது. ஹெட்லைட், புளோயர், ஏசி எல்லாவற்றையும் போட்டு ஆக்ஸிலேட்டரை லேசாக ஏற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள், அப்போதும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. என் காரில் அன்றைக்கு ஸ்டார்ட் பண்ணியதும் 12.3 காட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே 12.2, 12.1 என்று இறங்கியது. ஏறவே இல்லை, இறங்குகிறது என்றால் பேட்டரி தன் கைக்காசைப் போட்டுச் செலவழித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு பக்கம், 15-ஐத் தாண்டிப் போனால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றும், பல்புகள் அடிக்கடி பியூஸ் போகும்.

புதுக் கார்களில் ஒரு விஷயம் உண்டு. பேட்டரி மைனஸ் முனையில் சின்ன சென்சார் ஒன்று உட்கார்ந்திருந்தால், கம்ப்யூட்டர் பார்த்து சார்ஜைக் கூட்டிக் குறைக்கிற வகை அது, பேட்டரி நிரம்பியிருந்தால் 12.8 கூடக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு கெட்டுப்போச்சு என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எல்லா லைட்டையும் போட்டுப் பார்த்தால் ஏறும்.

அடுத்து டையோடு. மீட்டரை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி, வண்டி ஓடும்போது பேட்டரியில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி வந்தால் ஒரு டையோடாவது போயிருக்கும். மீட்டர் இல்லாத ஒரு வழியும் இருக்கிறது: ராத்திரி நிறுத்தி காலையில் முதல் வேலையாக பானெட்டைத் திறந்து ஆல்டர்நேட்டரைத் தொட்டுப் பாருங்கள், இன்ஜின் எல்லாம் ஜில்லென்று இருக்கும்போது அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டையோடு வழியாக ராத்திரி முழுக்கக் கரண்ட் ஒழுகியிருக்கிறது. ஒவ்வொரு காலையும் பேட்டரி காலியாகி, பகலில் மட்டும் நன்றாக ஓடும் வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

கார்பன் தேய்ந்திருக்கிறதா என்பதற்கும் ஒரு நாட்டு வைத்தியம். பழைய வகை ஆல்டர்நேட்டர் என்றால், இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, ஒரு ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஆல்டர்நேட்டரின் பின்பக்க நடுவில், பேரிங் இருக்கும் இடத்தின் பக்கத்தில் கொண்டுபோங்கள். காந்தம் மாதிரி ஸ்க்ரூடிரைவரைப் பிடித்து இழுத்தால் ரோட்டருக்குக் கரண்ட் போகிறது. இழுக்கவே இல்லை என்றால் கார்பனோ ரெகுலேட்டரோ அதற்கு வரும் வயரோ. ஸ்பேனர் பின்பக்கத்தால் லேசாகத் தட்டினால் கொஞ்ச நேரம் சார்ஜ் ஏறி மறுபடி நின்றுபோகிறதா, அப்போது கார்பன்தான், பெரும்பாலும் சந்தேகமே வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யவே செய்யாதீர்கள். வண்டி ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி, இன்ஜின் நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பது. இதைச் செய்து காட்டும் கைகாரர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். கார்புரேட்டர் காலத்து வண்டிக்கு அது தாங்கியிருக்கலாம். இப்போதைய காரில் பேட்டரியை அப்படிப் பிடுங்கினால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வோல்ட் எகிறும், ஆல்டர்நேட்டர் டையோடும் போகும், அதைவிட விலை கூடிய இசிஎம்மும், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரும் போகும்.

சரி, வோல்ட் ஏறவில்லை என்று தெரிந்துவிட்டது. இன்னும் கழற்றாதீர்கள். பெல்ட்டைப் பாருங்கள், வெடித்து, உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆகியிருந்தால் அது வழுக்குகிறது. லைட் போட்டதும், ஏசி போட்டதும் கீச் என்று கத்தினால் அதேதான். ஆல்டர்நேட்டரின் பின்னால் வரும் தடித்த வயரை அசைத்துப் பாருங்கள், அந்த முனையில் பச்சைப் பாசி பிடித்திருக்கிறதா, பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா. பேட்டரி முனைகளில் வெள்ளை மாவு பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவித் தேய்த்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மெயின் பியூஸ். அப்புறம் அந்தச் சிவப்பு விளக்கு, சாவி ஆன் பண்ணும்போது அது எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆன் பண்ணும்போதே எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம், சில பழைய வண்டிகளில் அந்தப் பல்பு வழியாகத்தான் ஆல்டர்நேட்டருக்கு முதல் கரண்ட் போகும், பத்து ரூபாய் பல்புக்காக முழு ஆல்டர்நேட்டரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

தடித்த வயரை இன்னும் நன்றாகச் சோதிக்க ஆசைப்பட்டால், வண்டி ஓடும்போது, லைட் எல்லாம் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் பின்பக்கம் அந்த வயர் மாட்டியிருக்கும் பின் போல்ட்டிலும் இன்னொன்றை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ வோல்ட் வீணாகிறது. அதே மாதிரி ஆல்டர்நேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் பாருங்கள், அது எர்த் சரியாக இருக்கிறதா என்று சொல்லும். பெல்ட் பக்கத்தில் கை, சட்டைக் கை, துண்டு, சடை எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவது

வேண்டியவை கொஞ்சம்தான். ஜப்பான் வழி வந்த சின்னக் கார்களில் பெரும்பாலும் 10, 12, 14 நம்பர் நட்டுகள், ரிங் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் இரண்டும் இருந்தால் நல்லது, ஓப்பன் ஸ்பேனர் மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால் துருப்பிடித்த நட்டின் மூலை மழுங்கிவிடும். துருவுக்கு டபிள்யூடி-40 மாதிரி ஏதாவது. நெம்ப ஒரு உறுதியான மரக்கட்டை. சக்கரத்தைக் கழற்றிப் பக்கவாட்டில் போக வேண்டியிருந்தால் ஜாக்கி, கூடவே ஸ்டாண்ட். ஸ்டாண்ட் இல்லையா, கழற்றிய சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கவைத்து காரின் ஓரத்துக்குக் கீழே தள்ளிவிடுங்கள், ஜாக்கி வழுக்கினாலும் கார் டயர் மேல்தான் உட்காரும். அப்போதும் உடம்பைக் கீழே விடாதீர்கள், கை மட்டும் போதும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்கக் கூடாது.

முந்தின நாள் சாயங்காலமே நட்டுகளில் எண்ணெய் அடித்துவிட்டு விடுங்கள், காலையில் கை வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். மோதிரம், காப்பு, இரும்புப் பட்டை வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை, பேட்டரி பிளஸ்ஸும் பாடியும் ஒரு மோதிரத்தால் சேர்ந்தால் அந்த மோதிரம் விரலிலேயே பழுக்கும்.

பேட்டரியில் முதலில் மைனஸ். ஏன் மைனஸ் என்று பலர் கேட்பார்கள். கார் பாடி முழுக்க மைனஸ், ஆகவே பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், மைனஸ் ஏற்கெனவே கழன்றிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. கழற்றிய மைனஸ் முனை தானாகத் துள்ளி மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். ஆல்டர்நேட்டரின் பின் போல்ட்டுக்கு வரும் தடித்த வயர் நேராக பேட்டரியிலிருந்து வருகிறது, சாவி ஆஃபில் இருந்தாலும் அதில் கரண்ட் இருக்கும், மைனஸைக் கழற்றாமல் அதில் ஸ்பேனர் வைத்தால் வெல்டிங் பட்டறைதான்.

பேட்டரியைக் கழற்றினால் கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷன்களும் போகும், சில செட்டுகள் மறுபடி ஓட ரகசிய எண் கேட்கும், அதை முன்னாலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செல்போனை எடுத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். பெல்ட் எந்தப் புல்லிக்கு மேலே, எதற்குக் கீழே போகிறது என்பது கழற்றும்போது ரொம்பத் தெளிவாக இருக்கும், மாட்டும்போது மறந்துபோகும். பல புல்லிகளைச் சுற்றி வரும் ஒரே நீள பெல்ட் வைத்த கார் என்றால் பேப்பரில் வரைந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் பிளாஸ்டிக் கப்ளர் ஒன்று இருக்கும், அதன் நாக்கை அமுக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். இன்ஜின் சூட்டில் பல வருடம் வெந்த பிளாஸ்டிக், அவசரப்பட்டால் நாக்கு உடையும். முதல் தடவை நான் உடைத்தேன், அப்புறம் ஒரு டேக் போட்டுக் கட்டி ஓட்டினேன், பார்க்க அசிங்கமாக இருந்தது, ஆனால் கழலவில்லை. தடித்த வயரின் மேல் இருக்கும் ரப்பர் மூடியைப் பின்னுக்குத் தள்ளி நட்டைக் கழற்றுங்கள். அந்த நட்டை அங்கேயே ஒரு டப்பாவில் போடுங்கள், கீழே விழுந்தால் அடியில் இருக்கும் கவசத் தட்டில் போய் உட்கார்ந்துகொண்டு வரவே வராது.

பட்டையில் இருக்கும் போல்ட்டைத் தளர்த்துங்கள், கீழே தொங்கும் நீள போல்ட்டையும் ஒரு சுற்று தளர்த்துங்கள், இரண்டும் தளர்ந்தால்தான் ஆல்டர்நேட்டர் அசையும். இன்ஜின் பக்கம் தள்ளினால் பெல்ட் லூஸாகிக் கையோடு வந்துவிடும். தானியங்கி டென்ஷனர் இருந்தால், அதன் நடுப் போல்ட்டிலோ அதற்கென்று இருக்கும் சதுரத் துளையிலோ நீளமான கைப்பிடி வைத்து மெதுவாகத் திருப்பிப் பிடித்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும், திடீரென்று விட்டால் கை நசுங்கும். ஏசிக்குத் தனி பெல்ட் இருந்து அது முன்னால் வழி மறித்தால் அதுவும் முதலில் வந்தாக வேண்டும்.

கடைசியாகப் பட்டைப் போல்ட்டை முழுதாக எடுத்துவிட்டு, ஒரு கையால் ஆல்டர்நேட்டரைத் தாங்கிக்கொண்டு நீள போல்ட்டை உருவுங்கள். அது பார்த்ததைவிட கனமாக இருக்கும். நீள போல்ட் வராமல் அடம் பிடித்தால் சுத்தியலால் நேராக அடிக்காமல், நட்டை நுனியில் கொஞ்சம் மாட்டிவிட்டு அதன் மேல் அடியுங்கள், மரை கெடாது.

புதிதா, ரிப்பேரா

கையில் எடுத்ததும் புல்லியைச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று வந்தால் பேரிங். சத்தமே இல்லாமல் சுற்றினால் உள்ளேதான் பிரச்சினை.

எனக்கு முதல் தடவை புதிது வாங்க வேண்டியே வரவில்லை. கழற்றியதைப் பையில் போட்டு ஒரு ஆட்டோ எலக்ட்ரிகல் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் பின்மூடியைத் திறந்து கார்பனைக் காட்டினார், ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டியது அரிசி மணி அளவுக்குத் தேய்ந்து, உரசும் இடத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கார்பன் மாற்றினார், ரோட்டரில் இருக்கும் செம்பு வளையங்களை நைஸ் எமரி பேப்பரால் துடைத்தார், பேரிங்கை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு இன்னும் ஓடும் என்றார், டெஸ்ட் பெஞ்சில் மாட்டி ஓட்டி வோல்ட் காட்டினார். புதிதின் விலையோடு ஒப்பிட்டால் அது டீச் செலவு. கார்பன், ரெகுலேட்டர், பேரிங், டையோடு பிளேட் எல்லாம் பெரும்பாலான பழைய மாடல்களுக்குத் தனித்தனியாகக் கிடைக்கிறது, அதனால் என் கட்சி எப்போதும் முதலில் ரிப்பேர்தான். நாமே கழற்றிக் கொண்டுபோனால் கழற்றி மாட்டும் கூலியும் இல்லை.

இரண்டாம் தடவை அப்படி முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எங்கள் தெருவில் நின்ற கார்களில் என்னுடையதும் ஒன்று, பம்பர் வரை தண்ணீர் இரண்டு நாள் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு வண்டி ஓடத்தான் ஓடியது, ஆனால் சில வாரத்தில் ஆல்டர்நேட்டர் பக்கமிருந்து மாவு மில் மாதிரி சத்தம். திறந்தபோது உள்ளே செம்மண், பேரிங் துரு, செம்பு வளையங்களில் பள்ளம், காயிலிலும் பச்சை. இத்தனையும் மாற்றினால் புதிது வாங்குவதே மேல். உங்கள் வண்டிக்கும் இது மாதிரி வெள்ளம், அல்லது மேலிருந்து பல மாதமாக ஆயிலோ கூலன்டோ சொட்டிக்கொண்டிருந்த கதை இருந்தால் முதலில் அந்த ஒழுகலை அடைக்க வேண்டும், இல்லையென்றால் புதிதும் அதே வழியில் போகும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீரை நேராக இன்ஜினுக்குள் அடிக்கச் சொல்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டையும் கவுன்ட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போல்ட் போகும் காதுகள் ஒரே இடத்தில் இருக்கின்றனவா, காதின் தடிமன் ஒன்றா, புல்லியில் பெல்ட் உட்காரும் பள்ளக் கோடு எத்தனை, புல்லியின் விட்டம், கப்ளரின் வடிவமும் உள்ளே இருக்கும் பின்களும், பின் போல்ட் எந்தப் பக்கம் பார்க்கிறது. மேலே ஒட்டியிருக்கும் ஆம்பியர் பழையதைவிடக் குறையக் கூடாது, கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. சில டீசல் கார்களில் புல்லியே ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் நழுவும் வகை, அதற்குப் பதில் சாதாரணப் புல்லி வைத்ததைக் கொடுத்தால் வாங்காதீர்கள், பெல்ட் அடித்துக்கொண்டே இருக்கும். பிராண்டைப் பொறுத்தவரை, காரோடு வந்தது எதுவோ அதையே தேடுவேன். நம் ஊர் சாலைகளில் பழைய வண்டிகளைத் திறந்தால் லூகாஸ் டிவிஎஸ் பெயரை அடிக்கடி பார்க்கலாம், 1961-இல் தொடங்கிய கம்பெனி, சென்னையில் பாடியில் இருக்கிறது, உதிரி பாகங்கள் கிடைப்பதும் அதனால் சுலபம். பெயர் தெரியாத டப்பாவில் பாதி விலைக்கு வருவதை நான் தொடுவதில்லை.

பழைய பெல்ட்டை மறுபடி மாட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு: கழற்றியாகிவிட்டது, புது பெல்ட்டின் விலை அதிகமில்லை, மாற்றிவிடுங்கள்.

மாட்டுவது

கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டால் மாட்டுவது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை, ஏனென்றால் புதிது இடத்தில் உட்காராது. நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன், ஒரு மயிரிழை இடம் பற்றவில்லை, சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன். நீள போல்ட் போகும் காதுகளில் ஒன்றுக்குள் புஷ் என்று சொல்லும் சின்ன இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று இறுக்கமாக இருக்கிறது. போல்ட்டை டைட் வைக்கும்போது அந்த புஷ் நகர்ந்துபோய் பிராக்கெட்டை அழுத்திப் பிடிக்கும், அதுதான் அதன் வேலை. அது உள்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் ஆல்டர்நேட்டர் உள்ளே போகாது. ஒரு பெரிய பாக்ஸ் ஸ்பேனரைக் காதுக்கு வெளிப்பக்கம் தாங்கலாக வைத்து, நடுவில் ஒரு போல்ட்டையும் நட்டையும் போட்டு மெதுவாக இறுக்கினால் புஷ் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் வெளியே நகரும். அப்புறம் ஆல்டர்நேட்டர் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். நான் மட்டும் சுத்தியலால் போட்டிருந்தால் அலுமினியக் காது உடைந்திருக்கும், புதிது வந்த அன்றே குப்பைக்குப் போயிருக்கும்.

நீள போல்ட்டை நுழைத்து நட்டைக் கையால் மட்டும் திருகி விடுங்கள். பட்டைப் போல்ட்டும் கையளவுக்குத்தான். பிராக்கெட்டும் ஆல்டர்நேட்டர் காதும் தொடும் இடத்தை ஒரு கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மாட்டினால் எர்த் நன்றாக இருக்கும், அந்த இடம் வழியாகத்தான் மைனஸ் திரும்பி வருகிறது. பின் போல்ட்டில் தடித்த வயரை மாட்டி நட்டை டைட் வையுங்கள், ஆனால் பலமெல்லாம் காட்ட வேண்டாம். லூஸாக இருந்தால் சூடாகி உருகும், ஓவராக முறுக்கினால் அந்த போல்ட்டே உள்ளே சுற்றிக்கொண்டு டையோடு பிளேட்டை உடைக்கும். வயர் அசையாமல் நிற்கிறதா, போதும். ரப்பர் மூடியை மறக்காமல் மேலே இழுத்துவிடுங்கள், அது அழகுக்கு இல்லை. கப்ளர் டிக் என்று சத்தம் வரும் வரை.

பெல்ட்டை படம் பார்த்துப் போடுங்கள். ஒவ்வொரு புல்லியிலும் கோடு கோட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், ஒரு கோடு தள்ளி உட்கார்ந்தால் நூறு கிலோமீட்டரில் ஓரம் கிழிந்துவிடும்.

டைட் வைப்பதற்கு மரக்கட்டையை இன்ஜினுக்கும் ஆல்டர்நேட்டரின் முன்பக்கத் தடித்த பகுதிக்கும் நடுவில் கொடுத்து நெம்பிப் பிடித்துக்கொண்டே பட்டைப் போல்ட்டை இறுக்க வேண்டும். இரண்டு ஆள் இருந்தால் சுலபம், என் வீட்டில் நெம்புவது நான், இறுக்குவது என் பெண். நடுவில் காயில் தெரியும் இடத்திலோ பின்மூடியிலோ நெம்பாதீர்கள். இரண்டு புல்லிகளுக்கு நடுவில் நீளமான பகுதியில் கட்டை விரலால் நன்றாக அழுத்தினால் பெல்ட் சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனால் சரி, உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. வீணைக் கம்பி மாதிரி இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த பெல்ட் ஆல்டர்நேட்டர் பேரிங்கை மட்டும் இல்லை, அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் பேரிங்கையும் சேர்த்துத் தின்றுவிடும். பட்டைப் போல்ட் இறுகிய பிறகு கீழே நீள போல்ட்டை இறுக்கி முடியுங்கள், அதை மறப்பது ரொம்ப சகஜம்.

பேட்டரி காலியாகக் கிடந்தால் புது ஆல்டர்நேட்டரை விட்டு அதை நிரப்ப வைக்காதீர்கள். முழுக்க இறங்கிய பேட்டரியை ஏற்றுவதற்கு அது மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடும், சூடாகும், முதல் நாளே டையோடுக்குக் கேடு. வெளியே சார்ஜரில் ஏற்றி விட்டு மாட்டுங்கள். பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பானெட்டுக்குள் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள், ஸ்பேனர், துணி, மரக்கட்டை எல்லாம் வெளியே வந்துவிட்டதா. சிரிக்க வேண்டாம், நான் ஒரு 12 நம்பர் ஸ்பேனரை வைத்துவிட்டு இரண்டு நாள் ஊர் சுற்றியிருக்கிறேன், நல்ல வேளை பெல்ட் பக்கம் விழவில்லை. சாவி ஆன், சிவப்பு விளக்கு எரிகிறது. ஸ்டார்ட், அணைகிறது. மீட்டரில் 14.2 என்று எனக்கு வந்தது, எல்லா லைட்டும் போட்டதும் 13.9. ஐந்து நிமிடம் அப்படியே ஓடவிட்டு சத்தத்தைக் கேளுங்கள், ரப்பர் கருகும் வாசனை வருகிறதா பாருங்கள், ஆஃப் பண்ணிவிட்டு பின் போல்ட்டின் ரப்பர் மூடிப் பக்கம் கையை வையுங்கள், அது மட்டும் கொதித்தால் நட்டு லூஸ். ஆல்டர்நேட்டர் உடம்பு சூடாக இருப்பது இயல்புதான்.

பவர் விண்டோ ஒரே தொடலில் மேலே போகாமல் நின்றால் பயப்படாதீர்கள், பேட்டரியைக் கழற்றியதால் மறந்திருக்கும், சில கார்களில் முழுக்க ஏற்றி ஸ்விட்சை கொஞ்ச நேரம் பிடித்தால் நினைவுக்கு வந்துவிடும்.

புது பெல்ட் என்றால் முதல் இருநூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும், ஒரு வாரம் கழித்துக் கட்டை விரலை வைத்துப் பார்த்து மறுபடி இறுக்கிவிடுங்கள். பழைய ஆல்டர்நேட்டரைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே செம்பு இருக்கிறது, எலக்ட்ரிகல் கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் விலையில் குறைப்பார்கள். நான் கொடுத்துவிட்டு வந்தேன், புல்லியை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், இப்போது அது மேஜை மேல் பேனா தாங்கி.